ஓலை வாசிக்கும் ஞாயிறு

1980களின் கடைசியில் ஒரு தபசு கால ஞாயிறு. பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ் ஏறி சேலத்தில் ஒரு பங்குக் கோயிலில் பூசைக்குப் போயிருந்தோம். பூசை முடிந்ததும் பெண்களை மட்டும் மண்டபத்தில் உட்காரச் சொன்னார்கள். வாடகை டிவி, டெக். 1984இல் அமெரிக்காவில் எடுத்த 'தி சைலண்ட் ஸ்க்ரீம்' ஓடியது. 12 வாரக் கரு கலைக்கப்படும்போது வாய் திறந்து அலறுகிறது என்று ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொல்வார் டாக்டர் பெர்னார்டு நாதன்சன். அந்தப் பருவத்தில் கருவுக்கு வலி தெரியாது என்று மருத்துவர்கள் பலர் அப்போதே மறுத்தார்கள். மண்டபத்தில் அதை யாரும் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

வெளியே வேப்பமரத்தடியில் வாக்குவாதம்.

"பயந்தாவது ஒரு பிள்ளை பிழைக்கட்டுமே" என்றார் சிஸ்டர்.

"பயந்து பெத்துக்கிட்டவ வீட்டுல ஏழாம் நாள் என்ன நடக்குதுன்னு நர்சம்மாவைக் கேளுங்க சிஸ்டர்" என்றார் வயதான உபதேசியார்.

நான் அப்போது கிராம சுகாதார செவிலியர். பிரசவம் பார்த்து எழுதிய பெண் குழந்தை அடுத்த வாரம் வீட்டில் இருக்காது. கேட்டால், "பால் புரையேறிப் போச்சு நர்சம்மா" என்பார்கள். மூன்றாவது பெண், நான்காவது பெண். எந்த வீட்டிலும் அழுகைச் சத்தம் வெளியே கேட்டதில்லை.

வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு முதலில் தொடங்கியது சேலத்தில்தான். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் அதிலும் பிளவு. உயிர் தப்பினால் போதும் என்றது ஒரு பக்கம். பெற்ற அப்பனின் பொறுப்பைத் தொட்டில் கழுவிவிடுகிறது என்றது மறுபக்கம். நான் முதல் பக்கம். இன்றும் அப்படியே. ஆனால் தொட்டில் வந்தும் கணக்கு நேராகவில்லை. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். கருவின் பாலினம் சொல்வதை 1994 சட்டம் தடுத்தும், சிசுக்கொலை செய்த வேலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டது.

கரு ஓர் உயிர் என்று திருச்சபை சொல்வதை நான் முழுமனதாக நம்புகிறேன். என் மனத்தாங்கல் எங்கள் பிரச்சாரத்தின் மேல். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கருக்கலைப்பையும் சிசுக்கொலையையும் ஒரே வாக்கியத்தில் கண்டித்தது. எங்களுக்குக் காட்டிய கேசட்டில் பாதி வாக்கியம்தான் இருந்தது. 1983இல் அமெரிக்கக் கர்தினால் பெர்னார்டின், கருவின் உயிரையும் போரையும் மரண தண்டனையையும் தனித்தனியாக வெட்டாதீர்கள் என்று பேசினார். கருக்கலைப்பின் கனத்தை அது குறைத்துவிடும் என்று அங்குள்ள கத்தோலிக்கரே எதிர்த்தார்கள். 1995இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிய சுற்றுமடலில், கருவைக் கலைத்துவிட்டுத் தவிக்கும் பெண்களிடம் மனம் தளராதீர்கள் என்று பரிவோடு பேசும் ஒரு பகுதி உண்டு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனவளுக்கு அதை யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

இந்தியாவில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்து 50 ஆண்டு ஆனதை ஒட்டி, 2021 ஆகஸ்ட் 10ஐத் துக்க நாளாக ஆயர்கள் அறிவித்தார்கள். அன்று பங்கிலுள்ள எங்கள் அன்பியக் குழுவின் வாட்ஸ்அப்பில் ரத்தம் தோய்ந்த படங்கள் வந்தன. எனக்கு உபதேசியார் ஞாபகம் வந்தது. அந்த வேப்பமரத்தடியில் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வரதட்சணை பேசுன கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டோம்னு ஒரு சாமியார் சொல்லட்டும். அப்புறம் படம் போடுங்க."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். தடை ஏதும் தெரிந்தால் சொல்லச் சொல்கிறார்கள். எத்தனை பவுன் என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.