எடையும் கையும்: தஞ்சை வட்டார வெள்ளியும் ஓவியமும் ஏலத்துக்கு வந்த கதை

பாபநாசம் திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில் வளாகத்தில், நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. செங்கல்லால் எழுப்பிய வட்டக் கட்டடம். 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். காவிரிப் படுகையின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. நெல்லை எத்தனை ஆண்டு அடைத்துவைக்க முடியும்? புழுவும் ஈரமும் விடாது. மிஞ்சிய நெல் காசாகி, காசு உலோகமாகித்தான் அடுத்த தலைமுறையின் கைக்குப் போயிற்று. நிலம் குறைந்த வீட்டில் பித்தளை, வெண்கலம். மிராசுதார் வீட்டில் வெள்ளி.

அந்த வெள்ளி எப்படி மதிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எடையை வைத்தா, செய்த கையை வைத்தா?

வெள்ளி நாணயத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் இடையே அன்று பெரிய வேலி இல்லை. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 12இல் 11 பங்கு வெள்ளி. எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். தட்டார் தராசில் ரூபாயே எடைக்கல்லாகவும் இருந்தது. நூறு ரூபாய் எடைச் சொம்பு என்றால் ஏறக்குறைய நூறு ரூபாயை உருக்கி வார்த்தது என்று பொருள். 1870களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியதையொட்டி உலகச் சந்தையில் வெள்ளி சரிந்தது. 1893இல் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்தின. பாத்திரத்தின் எடைக்கும் ரூபாயின் மதிப்புக்கும் இருந்த நேர்க்கோடு அங்கே அறுந்தது. ஆனால் எடையால் மதிக்கும் பழக்கம் அறவே போகவில்லை, இன்றும் போகவில்லை.

‘ஏலம்’ என்ற சொல் போர்ச்சுகீசியரின் ‘லெய்லாவ்’ வழியாகத் தமிழுக்கு வந்தது. சொல் துறைமுகத்தில் இறங்கியது என்றாலும், அதன் கொடுமையான முகத்தை இந்த நாடு அரண்மனைகளில்தான் பார்த்தது. 1854இல் நாகபுரி கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சேர்க்கப்பட்டபோது போன்ஸ்லே அரண்மனையின் யானை, குதிரைகளைச் சீதாபல்டியில் ஏலம் விட்டார்கள்; நகைகள் கல்கத்தாவுக்குப் போய் ஏலமாயின. மறு ஆண்டு அக்டோபரில் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரண்மனைச் சொத்துக்கும் முத்திரை விழுந்தது. ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. ஆனாலும் 1862இல் சொத்து ராணிகளிடம் திரும்பியது. நாகபுரிக்கு நேர்ந்தது தஞ்சைக்கு நேராமல் போனதில் ஒரு பெண்ணின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

அதே காலத்தில் சென்னையில் வேறொரு வெள்ளி பிறந்துகொண்டிருந்தது. 1849இல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம், கோயில் சிற்பங்களிலும் தேர்களிலும் காணும் தெய்வ உருவங்களைத் தேநீர்க் கெண்டி, சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை ஆகியவற்றின் உடலில் புடைத்து எழச் செய்து விற்றது. வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘சுவாமி வேலை’ என்றே பெயர் வைத்தார்கள். தசாவதாரம் சுற்றி நிற்கும் கெண்டியிலிருந்து துரைசானி தேநீர் ஊற்றியிருக்கிறார். 1875–76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது இவ்வகைப் பொருட்கள் அரசப் பரிசாகவும் சென்றன. தகட்டை அரக்கின் மேல் கிடத்தி, பின்புறமிருந்து உளியால் தட்டி உருவத்தை எழுப்பும் அந்த நகாசு வேலையைச் செய்த ஆசாரிகள் யார்? பாத்திரத்தின் அடியில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது. ஆசாரியின் பெயர் இல்லை.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது கட்ச் பகுதியோடு ஒப்பிட்டால் தெரியும். புஜ் நகரத்து வெள்ளித் தட்டார் ஊமர்சி மாவ்ஜி தன் வேலையில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் குத்திவைத்தார். இன்று உலக ஏல அரங்குகளில் அந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்தே வாங்குகிறார்கள். நம் பக்கத்து வேலை ‘சென்னை, 19ஆம் நூற்றாண்டு’ என்ற ஒற்றை வரியோடு பட்டியலில் நின்றுவிடுகிறது. தஞ்சாவூர்த் தட்டுக்கும் இதே நிலைதான். அடித்தட்டைக் கன்னார் செய்ய, வெள்ளித் தகட்டில் உருவத்தைத் தட்டார் எழுப்ப, பதிப்பவர் பொருத்தி முடிப்பார். மூவர் கை பட்ட பொருளில் ஒருவர் பெயரும் கிடையாது.

ஓவியத்திலும் தொடக்கம் இப்படித்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் முச்சியர் என்ற ஓவியர் குடும்பத்தார் குயவர், நெசவாளர், தட்டார் என்று தொழிலுக்கு ஒரு தம்பதியாகத் தாளில் தீட்டி, கம்பெனி அதிகாரிகளுக்குத் தொகுதி தொகுதியாக விற்றார்கள். மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் பலகைப் படங்களும் செழித்தன. கையெழுத்து பெரும்பாலும் இல்லை. கையெழுத்திட்டு, தன் பெயராலேயே விலைபோன முதல் பெரிய இந்திய ஓவியர் ரவி வர்மா. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்கீழ் அவர் படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டதால் நாட்டை விட்டு வெளியேற முடியாது. நூறாண்டு கடந்த கைவினைப் பொருளுக்கும் அதே தடை உண்டு. ஆனால் அடகுக் கடையில் உருகும் சொம்பைத் தடுக்க அந்தச் சட்டத்துக்கு வழியில்லை.

மனித உருவ ஓவியத்துக்கான சந்தை அண்மைக் காலத்தில்தான் வானத்தைத் தொட்டது. தயெப் மேத்தாவின் ‘மகிஷாசுரா’ 2005இல் நியூயார்க்கில் 15 லட்சம் டாலரைத் தாண்டியது. அம்ரிதா ஷெர்கில் 1937இல் வரைந்த ‘கதைசொல்லி’ 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. உசேனின் ‘கிராம யாத்ரா’ 2025 மார்ச்சில் 1.37 கோடி டாலர் கண்டது. கடைசி இரண்டும் கிராமத்து மனிதர்களை வரைந்த படங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கிராமத்து உருவத்தை நம் பக்கத்தில் மிக நெருங்கிப் பார்த்தவர் கும்பகோணம் அருகே செம்பியவரம்பலில் பிறந்த ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்றவர். கதவோரம் விழும் வெயிலில் நிற்கும் பெண்களை அவர் தீட்டிய விதம், நம் வீட்டு அத்தையையும் அக்காவையும் சுவரில் மாட்டத் தகுந்தவர்களாக்கியது. 2021 ஜூனில் கோவிட் அவரைக் கொண்டுபோனது. அவர் படம் எங்கே போனாலும் அவர் பெயர் கூடவே போகும்.

வெள்ளிக்கு ஏலம் என்றால் இங்கே அடகுக் கடைதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, மீட்க முடியாமல் போன பொருளை ‘மூழ்கிப்போச்சு’ என்றார்கள். இன்றும் அதே சொல்தான். 1943ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டம் மீட்க ஓராண்டும், அதற்கு மேல் ஏழு நாளும் தவணை தந்தது. அதன்பின் பொது ஏலம். சென்னையில் ஏலம் வேறொரு கண்ணியத்தோடும் நடந்தது. மர்ரே கம்பெனியின் எஸ். ராஜம், ஏலத் தொழிலில் ஈட்டியதைக் கொண்டு 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து ஒரு ரூபாய் விலையில் பதிப்பித்தார். சுத்தியல் தட்டி விற்ற கை கம்பனையும் சங்கப் பாட்டையும் ஏழை மாணவன் கைக்குக் கொண்டு சேர்த்தது.

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கியதும் ‘பேர் வெட்டுவது’ வழக்கம். கடைக்காரர் சின்ன உளியால் முதலெழுத்துகளைப் பொறிப்பார். அது வாங்கியவரின் பெயர். சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, கூஜா, குங்குமச் சிமிழ் எல்லாவற்றிலும் கொடுத்தவரோ பெற்றவரோ இருக்கிறார். அடகு வைக்கும்போது ரசீதில் ‘வெள்ளிச் சொம்பு 1’ என்றும் கிராம் கணக்கும் ஏறுகின்றன. கழுத்தில் ஓடும் கொடியும், கைப்பிடியில் திரும்பிப் பார்க்கும் அன்னமும் ஏறுவதில்லை.