சீட்டைக் கலைப்பது யார்?

போக்கரில் பொதுச் சீட்டுகளைத் திறப்பதற்கு முன்பு, டீலர் கட்டின் மேலே இருக்கும் ஒரு சீட்டை எடுத்து யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து ஓரமாக வைப்பார். ‘பர்ன்’ என்று பெயர். முதல்முறை பார்ப்பவருக்கு வீண்வேலையாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. பந்தயம் கட்டும் நேரம் முழுக்க அந்த மேல்சீட்டின் முதுகு எல்லார் கண்ணிலும் படுகிறது. யாராவது அதை நகத்தால் கீறி வைத்திருந்தால், அடுத்து வரப்போவது என்னவென்று அவருக்கு மட்டும் தெரிந்துவிடும். அந்தச் சீட்டையே ஆட்டத்திலிருந்து தூக்கிவிட்டால் கீறினவருக்கு லாபமில்லை.

சீட்டுப் போடுவதில் இருக்கும் பெரும்பாலான சடங்குகள் இப்படி எப்போதோ நடந்த ஒரு திருட்டுக்குப் போட்ட பூட்டுகள்தான். கலைத்தவர் தானே வெட்டாமல் பக்கத்து ஆளிடம் நீட்டுவது அப்படித்தான் வந்தது. கட்டுக்கு அடியில் ஒரு வெற்று அட்டையை வைப்பது, அடிச்சீட்டை யாரும் பார்க்காமலிருக்க. சீட்டை வீசாமல் மேசையை உரசினாற்போலத் தள்ளுவது, போகிற வழியில் அதன் முகம் தெரியாமலிருக்க.

இதெல்லாம் எனக்குப் பழகியது இருங்காட்டுக்கோட்டையில். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மென்பொருள் வேலைக்காக அங்கே தங்கியிருந்தேன். 1998இல் ஹூண்டாய் தன் முதல் சான்ட்ரோ கார்களை அங்கிருந்து அனுப்பத் தொடங்கிய பிறகு, சுற்றுவட்டார ஊர்களில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களின் வாடகை அறைகள் பெருகிவிட்டன. அப்படியொரு அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் புளியங்கொட்டை வைத்துப் போக்கர் ஆடுவோம். அசெம்பிளி லைனில் வேலை பார்த்த ஓர் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். நான் யூடியூப் பார்த்துவிட்டு விர்ரென்று போட முயன்றபோது சொன்னார்: “வேகம் எதுக்கு தம்பி? உங்க கை என்ன பண்ணுதுன்னு சுத்தி இருக்கிறவனுக்குத் தெரியணும். அவ்ளோதான் மேட்டரு.”

சீட்டு நமக்குக் கடல்வழியாகவும் வந்தது என்பதற்கு நம் வாயிலேயே சாட்சி இருக்கிறது. ‘கிளாவர்’ என்கிறோமே, அது ஆங்கில ‘கிளப்ஸ்’ இல்லை, டச்சுச் சொல். ‘துருப்பு’ம் டச்சு ‘த்ரூஃப்’ என்பதிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். பழவேற்காட்டில் 1600களின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், கிளாவர் இருக்கிறது.

சீட்டுக் கலைப்பதைப் பற்றி நம் உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியதாகப் போட்ட வழக்கு அது. 1967 நவம்பரில் நீதிபதி ஹிதயதுல்லா எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: கலைத்துப் போடும் எந்த ஆட்டத்திலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கும், பிரிட்ஜிலும் இருக்கிறது. ஆனால் எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்று முடிவெடுக்கத் திறமை வேண்டும். ஆகவே ரம்மி, மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை. அதன் பிறகு வந்த வழக்குகள் பலவும் திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்தக் கோட்டிலேயே நடந்தன. கலைக்கிற கை நேர்மையானதா என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. கைதான் மேசை மேலேயே இருந்ததே.

அந்தக் கையின் இடத்துக்குக் கணினி வந்தபோது என்ன ஆனது? 1999இல் பிளானட் போக்கர் போன்ற தளங்களுக்கு மென்பொருள் கொடுத்த ஏஎஸ்எஃப் நிறுவனம், தன் ஆட்டம் நேர்மையானது என்று காட்டுவதற்காகக் கலைக்கும் நிரலை வெளியிட்டது. சில மென்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் படித்துப் பார்த்தார்கள். 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகள் 68 இலக்க எண். அந்த நிரலோ, நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆகியிருக்கிறது என்பதை வைத்துக் கலைத்தது. ஒரு நாளைக்கு மொத்தமே 8.64 கோடி மில்லிசெகண்ட்தான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துப் பார்த்து, சாத்தியங்களைச் சுமார் 2 லட்சமாகச் சுருக்கினார்கள். தன் கையிலிருக்கும் 2 சீட்டும் மேசையில் திறந்த 3 சீட்டும் தெரிந்தால் போதும், மற்றவர்கள் கையிலிருப்பது எல்லாம் தெரிந்துவிடும். நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் என்னை உறுத்துவது அந்தப் பிழை இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த யாரும் பக்கத்து ஆளிடம் “வெட்டுப்பா” என்று சொல்லியிருக்கவே முடியாது என்பதுதான்.

கை போனதும் இன்னொன்றும் சேர்ந்து போனது: நேரம். 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கட்டை இரண்டாகப் பிரித்துச் சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்று இறக்கும் முறையில், நன்றாகக் கலைய 7 தடவை வேண்டும். கலைத்து, வெட்டி, போட்டு முடிப்பதற்குள் தோற்றவன் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பான். “போதும்டா, நாளைக்கு ஷிஃப்ட் இருக்கு” என்று யாராவது சொல்வார்கள். செயலியில் அந்த இடைவெளி கிடையாது. தோற்ற நொடியில் அடுத்த ஆட்டம் தயார். எதிரில் உங்கள் முகத்தைப் பார்க்கவும் யாருமில்லை.

தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்து செய்தியானபோது, சட்டமும் பழைய கோட்டிலேயே தடுமாறியது. 2021இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவுக்குப் பிறகு 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அதே நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. காரணம் அதேதான்: திறமை. பிறகு மாநில ஆணையம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் தளங்களுக்குள் நுழையக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

இவற்றில் எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிவது அந்த 5 மணிநேர விதிதான். அது ரம்மி எப்படிப்பட்ட ஆட்டம் என்று கேட்கவில்லை. மனுசக் கைக்கு அலுப்பு வரும் என்பதை, அலுப்பே வராத ஓர் இயந்திரத்துக்கு ஞாபகப்படுத்தியது. ‘பர்ன்’ மாதிரி அதுவும் ஒரு பூட்டுதான். அப்படி ஒன்று வேண்டும் என்று நமக்குப் புரிவதற்குள் எத்தனையோ வீடுகள் இருண்டுவிட்டன.