செப்டம்பர் 11: 2001 மட்டும்தானா?

செப்டம்பர் 11 என்றதும் 2001-ல் நியூயார்க்கில் இடிந்து விழுந்த இரட்டைக் கோபுரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1893-ல் விவேகானந்தர் சிகாகோவில் பேசியதும் இதே நாள்தான். 1906-ல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள், கட்டாயப் பதிவுச் சட்டம் வந்தால் பணியமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். காந்தியின் சத்தியாகிரகம் அங்கே பிறந்தது (பெயர் வைத்தது அப்புறம்தான்).

பாரதியார் நினைவு நாளும் இன்றுதான் என்று பள்ளியில் படித்தோம், இல்லையா? ஆனால் 1921-ல் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி. மாநகராட்சிப் பதிவில் 12 என்றே இருக்கிறது. நம் வழக்கில் விடியும்வரை முந்தைய நாள்தானே, 11 நிலைத்துவிட்டது!

யானை அடித்து இறந்தார் என்பதும் தவறு. அதிலிருந்து தேறி, ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசியிருக்கிறார். தலைப்பு: மனிதனுக்கு மரணமில்லை. அப்போது அவருக்கு வயது 38.