பேராதனையும் வந்தாறுமூலையும்

ஈழத்து நாடக வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் பேராதனையைக் குறிப்பிடாது மேற்செல்வதில்லை. ஹந்தானை மலைச்சாரலில், மாவலி கங்கைக் கரையில் அமைந்த அப்பல்கலைக்கழக நகர், 1950களின் நடுப்பகுதி தொடக்கம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் சிங்கள நாடகத்துக்கும் தமிழ் நாடகத்துக்கும் உலைக்களமாய் விளங்கிற்று. கூத்துக்குப் பேராதனை உயிர் கொடுத்தது என்று நாம் வகுப்பறைகளிற் சொல்லிக் கொடுக்கிறோம். அக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை, அதாவது பேராதனைக்கு உயிர் கொடுத்தவர் யார் என்பதை, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் நிறுவப்பட்டது. 1952இல் அதன் பெரும்பகுதி பேராதனைக்குப் பெயர்ந்தது. ஆங்கிலமே போதனா மொழி. விடுதி வாழ்க்கை, உடை, உணவு யாவும் மேனாட்டுப் பாங்கின. அத்தகைய சூழலிற் கிராமத்துக் கலை புகுதல் எளிதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை மேடையேற்றிப் புதுவழி காட்டியிருந்தார். எனினும் ஆட்டமும் பாட்டும் இணைந்த நம் மரபு அரங்கு படித்தோரின் கண்ணில் நாட்டுப்புறத்தானின் பொழுதுபோக்காகவே இருந்தது.

முதல் உடைப்பைச் சிங்கள அரங்கு நிகழ்த்திற்று. 1956 நவெம்பர் 3ஆம் நாள், எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. நடித்தோர் பேராதனை மாணவர். நாடகத்தின் ஆட்டத்தையும் இசையையும் வகுக்கத் துணைநின்றவர் அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் நாடகமக் கலைஞர். அந்நாடகமவோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. தமிழ்ப் பகுதிகளிலிருந்து கரையோரக் கத்தோலிக்கர் வழியே சிங்கள மக்களிடம் சென்று சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. இனத்தின் பெயரால் நாடு பிளவுபட்ட அதே 1956இல், இரு மக்களுக்கும் பொதுவான ஒரு கலைவேர் மேடையில் துளிர்த்தமை மனங்கொள்ளத்தக்கது.

தமிழ்க் கூத்துக்கு அப்பணியை மேற்கொண்டவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராயிருந்த அவர் மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளின் கிராமங்களுக்குச் சென்றார், அண்ணாவிமாரைச் சந்தித்தார், ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துக்களை அச்சேற்றினார். 1962இல் ‘அலங்காரரூபன் நாடகம்’ நூலாயிற்று. அதே ஆண்டிற் பேராதனை மாணவர் ‘கர்ணன் போர்’ ஆடினர். பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியன வந்தன.

மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். மட்டக்களப்பின் அவ்வயற்கிராமத்திலிருந்து மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எடுத்துச் சென்றவை மத்தளமும் தாளக்கட்டும் தலைமுறைகள் சேர்த்துவைத்த நினைவுமாம். பட்டதாரியாகப் போகின்றவன் அவர் முன் காற்சதங்கை கட்டி, முதலாம் அடியிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. ஆசான் யார், மாணாக்கன் யார் என்ற வழமையான வரிசை அவ்விடத்துத் தலைகீழாயிற்று. பேராதனைக் கூத்து முயற்சியின் பெருமை அனைத்தினும் இதுவே மேலானது என்பேன்.

அண்ணாவியார் கொண்டுவந்தது ஆட்டத்தை மட்டுமன்று. ஒரு தொண்டு முறையையுமாம். மட்டக்களப்புக் கிராமத்திற் கூத்தென்பது ஓரிரவு நிகழ்ச்சியன்று. பாத்திரங்களைப் பங்கிட்டுச் சட்டங் கொடுத்தல், மாதக்கணக்காய் இரவுதோறும் பழகுதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், அதன்பின் வீடு வீடாகச் சென்று ஆடுதல் என அது படிப்படியாய் வளரும். பகலில் வயலிலும் தோணியிலும் உழைத்தவன் இரவிற் களரிக்கு வருவான். ஒருவர் களரி கட்டுவார், ஒருவர் விளக்கேற்றுவார், பெண்கள் உணவு தருவர், உடுப்புக்கும் முடிக்கும் ஊரே பொறுப்பு. நுழைவுச்சீட்டு இல்லை, கூலி இல்லை. ஊர் தனக்குத்தானே செய்துகொள்ளும் கூட்டுழைப்பே கூத்து.

ஆயின் அவ்வூரைப் பொன்னுலகாக்கிக் காட்டுதலும் தவறாகும். நிலவுடைமைச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுகள் களரியிலும் இருந்தன. எவர் எக்கொலுவில் ஆடலாம் என்பதைச் சாதி தீர்மானித்ததுண்டு. பறை முழக்கி ஊருக்குச் செய்தி சொன்னவன் களரியின் புறத்தே நின்றதுமுண்டு.

பல்கலைக்கழகம் கூத்தை மாற்றவும் செய்தது. விடியவிடிய நிகழ்ந்தது ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. சுற்றியிருந்து பார்க்கும் வட்டக்களரி ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. ‘இராவணேசன்’ ஒரு வீரனின் அகப்போராட்டத்தை வெளிக்கொணர்ந்து, கூத்து வடிவம் ஆழ்ந்த நாடகத்தையும் தாங்கவல்லது என்று நிறுவிற்று. நகர மக்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினர். இவை பெறுமதியானவை. இழந்தது யாதெனில், பார்வையாளனுக்கும் ஆடுவோனுக்கும் இடையே இருந்த ஊருறவு. சீட்டு வாங்கி வந்தவனுக்குக் களரி கட்டும் கடமை இல்லையல்லவா?

அவ்வுறவை வேறொரு தளத்தில் மீட்க முனைந்தோரும் பேராதனையின் வார்ப்புக்களே. இராவணனாய் ஆடிய சி. மௌனகுரு 1969இற் ‘சங்காரம்’ படைத்தார். அரசரும் அசுரரும் ஆடிய தாளக்கட்டில், சமுதாயம் சாதியையும் வர்க்கத்தையும் எதிர்த்துப் போரிட்டது. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டி எழுந்த ‘கந்தன் கருணை’யும் கூத்து வடிவையே நாடிற்று. மக்களிடம் பெற்ற வடிவம் மக்களின் போராட்டத்துக்குத் திரும்பிச் சென்றது. கடன் தீர்க்கும் வழிகளுள் அதுவும் ஒன்று.

வரலாறு பின்னும் ஒரு விந்தை புரிந்தது. 1981இல் மட்டக்களப்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது அமைந்த இடம் வந்தாறுமூலை. அண்ணாவியாரைப் பேராதனைக்கு அனுப்பிய கிராமம் தானே பல்கலைக்கழக ஊராயிற்று! 2000களின் தொடக்கத்தில், அப்பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் சி. ஜெயசங்கர் சீலாமுனைக் கிராமத்தவரோடு இணைந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டார். அங்கே கூத்து ஊரைவிட்டு வெளியேறவில்லை. படித்தவரே களரிக்குச் சென்றனர். பெண்ணையும் சாதியையும் பழைய பாடல்கள் சித்திரித்த விதம் ஆடுவோராலேயே விவாதிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கற்பிக்கும் ஆசிரியனாகிய நான் என் வெட்கத்தையும் சொல்லல் வேண்டும். சில ஆண்டுகளின் முன், போட்டியொன்றுக்காக மாணவரைப் பழக்க முதிய அண்ணாவியார் ஒருவரை அழைத்தோம். நாடோறும் ஈருருளியில் வந்தார். கூத்து பதினைந்து நிமிடமாகக் குறுகிற்று. நிகழ்ச்சி நிரலில் நெறியாள்கை என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அவர் பெயர் எங்கும் இல்லை. பரிசளிப்பன்று அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தோம். அவர் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “தம்பி, அந்தப் பிள்ளைகள ஒருக்கா எங்கட ஊருக் களரியில ஆட விடுங்களன்” என்றார். நாங்கள் விடவில்லை, தவணைப் பரீட்சை வந்துவிட்டது.

கலைவிழாக்களுக்கு இன்று நம் கல்லூரிகளிற் குறைவில்லை. சமூகசேவைக் கழகங்களும் உள. ஒன்று மேடையிலும் மற்றது சிரமதானத்திலுமாய்ப் பிரிந்து கிடக்கின்றன. கூத்தில் அவை பிரிந்தவையல்ல என்பதை அண்ணாவிமார் நமக்குக் கற்பித்தனர். கற்றுக்கொண்டோம் என்பதற்குச் சான்றாக, அடுத்த தவணையில் அந்த ஊருக் களரிக்கு நம் மாணவரை அழைத்துச் செல்வோம். களரி கட்டும் வேலையிலிருந்தே தொடங்குவோம்.