மாலையோடு தீரும் தீட்டு: உத்திரமேரூரிலிருந்து லேவியராகமத்தை வாசித்தல்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரி வற்றும் கோடையில் விராலும் கெளுத்தியும் நண்டும் ஒரே வலையில் ஏறும். லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின்படி சிறகும் செதிளும் உள்ள விரால் உண்ண ஆகும். மற்ற இரண்டும் ஆகா. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இவ்வரையறையை இன்றும் கைக்கொள்கின்றனர். பெரும்பாலான பிற சபைகளோ, யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனத்தோடு அது முடிந்தது என்கின்றன. எதை உண்ணலாம் என்பதோடு இரு தரப்பும் நின்றுவிடுகின்றன. தீட்டுப்பட்டவன் எவ்வளவு காலம் அப்படியே இருக்கிறான் என்பதே நம் மண்ணில் முதலில் எழவேண்டிய கேள்வி.

இவ்வூரின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டை (கி.பி. 921) குடவோலைத் தேர்தல் முறைக்காகவே போற்றுகிறோம். குற்றம் செய்து, பிராயச்சித்தத்தால் சுத்தமானவர்கள் என்று தானே ஒப்புக்கொள்ளும் சிலரைக்கூட, உயிருள்ளவரை குடவோலையில் சேர்க்கலாகாது என்கிறது அது. அது உணவு விதியன்று, பதவி விதி. ஆயினும் கழுவியபின்னும் கறை போகாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. லேவியராகமத்திலோ, தானாய்ச் செத்த விலங்கைத் தின்றவன் தன் துணியைத் துவைக்கிறான். அன்று மாலையோடு தீட்டு தீர்ந்தது.

செத்த மாட்டை அகற்றும் வேலையைச் சேரியின்மேல் சுமத்திவிட்டு, அதைத் தின்றார்கள் என்று அவர்களையே ஒதுக்கிய ஊர்கள் நம்முடையவை. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948இல் ஒரு நூலாகவே எழுதினார். இங்கே விசுவாசிக்கு ஓர் இடறல் உண்டு. செத்ததை நீ தின்னாதே, அந்நியனுக்குக் கொடு என்கிறது உபாகமம் 14:21. சேரிச் சபையில் இதை வாசிப்பவருக்கு அந்த அந்நியன் யாரென்று விளக்கவேண்டியதில்லை. ஆனால் லேவியராகமம் 17:15 உள்ளூரானுக்கும் அந்நியனுக்கும் ஒரே விதியைச் சொல்கிறது: இருவரும் குளிக்கவேண்டும், இருவருக்கும் மாலைவரைதான் தீட்டு. இவ்விரண்டில் பின்னதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

இரத்தம் உண்பவன் ஜனத்திலிருந்து அறுப்புண்பான் என்ற கடுமையும் லேவியராகமத்திலேயே உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் அது உயிரைப் பற்றியது. உயிர் கடவுளுக்குரியது என்பதற்காகவே இரத்தம் விலக்கப்பட்டது என்று லேவியராகம உரையாசிரியர் யாக்கோபு மில்குரோம் விளக்கியதை மறுக்கக் காரணம் காணேன். பிறப்பால் யாரையும் இவ்விதி தாழ்த்தவில்லை. மாடோ அனுமதிக்கப்பட்ட விலங்கு. மாட்டிறைச்சி உண்போரை இழிவுபடுத்த லேவியராகமத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

ஆகவே இன்றைய சோதனை, யாரோடு அமர்ந்து உண்கிறோம் என்ற பந்தியில்தான் இருக்கிறது. அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார்; பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்தார் (கலாத்தியர் 2). 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியைத் துறந்ததற்குச் சான்றாகப் பறையர் சமைத்த உணவை உண்ணவேண்டும் என்றது. சான்று கேட்ட முறை விவாதத்துக்குரியது. கைவைத்த இடம் சரியானது. சாதி சமூக வழக்கு என்று சொல்லி லுத்தரன் சபையின் லைப்சிக் மிஷன் அத்தீர்மானத்தில் சேரவில்லை. அதே சமாதானத்தைப் பேதுருவும் சொல்லியிருக்கலாம். பவுல் அதற்கு இடம் வைக்கவில்லை.