குனிந்த முதுகின் வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நினைவுக்கு வருகின்றன. முதுகுக்கும் தோளுக்கும் வரலாறு உண்டா? உண்டு. நம் பாட்டன் எந்தப் பயிருக்காகக் குனிந்தார், எந்தச் சுமையை எப்படித் தூக்கினார் என்பதும் வரலாறுதான். அதை எழுதி வைத்தவர்கள் குறைவு. வலியாக அனுபவித்தவர்களோ பல்லாயிரம் பேர்.

அந்த வலியை நம் வீடுகளில் எப்படிப் பேசுகிறோம்? “பழகிப் போச்சு” என்கிறோம். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுக்கிறோம். அம்மாவால் குனிய முடியாத நாளில் வீட்டு வேலை மூத்த மகளின் தலையில் விழுகிறது. அவள் பள்ளிக்கு வருவதில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தே எந்த வீட்டில் இடுப்புவலி என்று தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லிவிடலாம். ஆகவே இது மருத்துவர் மட்டும் பேச வேண்டிய செய்தியன்று.

சுங்கை பாக்காப் பகுதி, 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய கரைநிலத்தைச் சேர்ந்தது. அன்று அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர். இன்று செபராங் பிறை. இரப்பருக்கு முன்னால் இங்கே ஆட்சி செய்தது கரும்பு. சுங்கை பாக்காப் ஊரை வளர்த்த கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ சீனரும் கரும்பினால் செல்வரானவரே. கலிடோனியா, விக்டோரியா, வால்டோர் ஆகிய தோட்டங்களும் முதலில் கரும்புத் தோட்டங்களாகவே இருந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தது அந்தக் கரும்புக்காகத்தான். 1910இல்தான் அந்த ஒப்பந்த முறைக்கு முடிவு வந்தது.

கரும்பின் அடிக்கட்டையில்தான் இனிப்பு மிகுதி. ஆகையால் தரையை ஒட்டி வெட்ட வேண்டும். கணுக்கால் உயரத்தில் கத்தி வீசுகிறவர் நாள் முழுதும் இரண்டாக மடிந்தே நிற்க வேண்டும். வெட்டு முடிந்தால் மண்வெட்டி. சீனியின் விலையைக் கணக்குப் பார்த்தவர்கள் இந்த மடிப்பைக் கணக்கில் எழுதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் இரப்பர் வந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளின் கதையை நம் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அந்த மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், பழைய காயத்தையே மெல்லச் சீவிப் பால் எடுக்கலாம் என்று காட்டியவர், 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி. மரத்தின் பட்டை நோகாமல் இருக்க அவர் வழி கண்டார். வெட்டுகிறவரின் முதுகு நோகாமல் இருக்க யார் வழி கண்டது? அதைத் தொழிலாளிகளே தங்கள் உடம்பால் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எப்படியென்று பார்ப்போம். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிகிறது. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் எதிர்ப்பக்கம் சற்றே சாய்ந்திருப்பதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். புதிதாக வந்தவர் நின்ற இடத்திலேயே நின்று, இடுப்பை முறுக்கி, மணிக்கட்டால் கத்தியை இழுப்பார். கைதேர்ந்த பால்வெட்டுக்காரரோ கத்தியை உடம்பை ஒட்டிப் பிடித்து, மரத்தைச் சுற்றிக் காலை நகர்த்துவார். திரும்புவது பாதம், இடுப்பு முறுகுவதில்லை. ஒரு நிரைக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒரு மரத்துக்கு ஒரு முறுக்கு என்றால்கூட ஒரு காலையில் எத்தனை முறுக்கு என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒட்டுக்கட்டிய மரத்தில் ஏறத்தாழ 150 செண்டிமீட்டர் உயரத்தில் வெட்டைத் தொடங்குவார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் ஆண்டுக்கு 20 முதல் 25 செண்டிமீட்டர் பட்டை தீரும். அதாவது, முதல் ஆண்டில் நிமிர்ந்து நின்று வெட்டிய அதே மரத்தில், ஐந்தாறு ஆண்டுகளில் முழங்காலுக்குக் கீழே குனிந்து வெட்ட வேண்டும். மரத்தில் வெட்டு இறங்க இறங்க மனிதனும் இறங்குகிறான். அந்தத் தாழ்ந்த பட்டையில், கால்களை விறைப்பாக வைத்து முதுகை வளைப்பவருக்கும், ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கித் தாழ்பவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வாசலில் கோலம் போடும் பாட்டி குந்தியிருந்து போடுவதைப் பாருங்கள். அந்த வித்தை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

காண்டா வாளியை மறக்கலாமா? தோளில் ஒரு கம்பு, இருபுறமும் பால் வாளி. பினாங்குத் தெருக்களில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் கறியுமாகச் சுமந்து விற்றதால்தான் ‘நாசி கண்டார்’ என்ற பெயரே வந்தது. அந்தக் கம்பு, நடையோடு சேர்ந்து வளைந்து நிமிரும். ரோட்ஜர் கிராம் என்ற ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, வளையும் கம்பு உடலின் உழைப்பைக் குறைக்காவிட்டாலும் தோளில் விழும் அதிர்ச்சியைக் குறைக்கிறது என்று காட்டியது. இரு பக்கமும் சம எடை என்பதும் அதன் சிறப்பு. இதை அறிந்த நாம், வீட்டில் மட்டும் தண்ணீரையும் பிள்ளையையும் எப்போதும் ஒரே இடுப்பில் சுமக்கிறோம்! பக்கம் மாற்றிச் சுமப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இன்று நம் சுற்றுவட்டாரத்தில் இரப்பர் குறைந்துவிட்டது. செம்பனை வந்தது, சில தோட்டங்களின் இடத்தில் வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. மலாயாவில் செம்பனை வணிகப் பயிரானது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். குட்டை மரத்துக்கு உளி, நெட்டை மரத்துக்கு நீண்ட கம்பில் கட்டிய அரிவாள். முன்பு குனிந்த கழுத்து இப்போது அண்ணாந்து நோகிறது. குலை விழுந்ததும் அதைத் தூக்க மறுபடியும் குனிய வேண்டும். குலையை உடம்புக்கு அருகில் இழுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை அடக்காமல் தூக்குவது நல்லது. சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி வைத்தே அழுத்தத்தை அளந்தவர். நிமிர்ந்து நிற்பதைவிட, சுமையோடு முன்னால் குனியும்போது அழுத்தம் வெகுவாக ஏறுவதை அவர் அளவுகள் காட்டின. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய ‘கண்டாஸ்’ என்ற இயந்திர வெட்டுக் கருவி கை உழைப்பை ஓரளவு குறைத்தது. ஆனால் அதற்கும் எடை உண்டு, அதிர்வும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தொழிலாளி கவனமாகக் குனிந்தால் போதும், மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்பது அரை உண்மை. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரமாசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் “உன் தொழில் என்ன?” என்று கேளுங்கள் என மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். உடலுக்கு ஒவ்வாத நிலையும் அளவுக்கு மீறிய அசைவும் நோய் தரும் என்றும் எழுதினார். நிரையின் அளவு, கம்பின் எடை, ஓய்வு நேரம் ஆகியவை தொழிலாளியின் கையில் மட்டும் இல்லை. நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் சொக்சோ வந்தது. 1994இல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலையில் அடிபட்டால் அன்றே மேலாளரிடம் தெரிவியுங்கள். “சின்ன அடிதானே” என்று விட்டுவிட்டுப் பிறகு நிரூபிக்க முடியாமல் திண்டாடும் குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சரி, வலி வந்தே விட்டது, என்ன செய்வது? வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான் மருந்து என்று நம் பெரியவர்கள் நம்பினார்கள். பல மருத்துவர்களும் அப்படியே சொன்னார்கள். ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. திடீர் முதுகுவலி கண்டவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுத்திருந்தார்கள். ஒரு பகுதியினர் முதுகுப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தார்கள். விரைவில் தேறியவர்கள் அந்தக் கடைசிப் பிரிவினரே. நாட்பட்ட வலிக்கும் அசைவு உதவுகிறது: லயத்து வாசலில் சிறு நடை, அடுத்த வாரம் சற்றே நீண்ட நடை, பாத்திரம் துலக்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றிச் சிறு கட்டையில் வைத்துக்கொள்வது. செய்கிற வேலையில் உடம்பு எங்கே இறுகுகிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். வலி கூடினால் அளவைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் முதுகுவலியோடு இரு கால்களும் மரத்துப் போனாலோ, கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினாலோ, தைலத்துக்கு அங்கே வேலையில்லை. அப்போது விடியட்டும் என்று காத்திராமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.