உப்பும் உறக்கமும்: எல்லையோர மலைகளில் எளிய வாழ்வு

இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் கூறும் நாள்முறை துறவியின் ஒழுங்கை ஒத்தது: நேரத்துக்கு உறக்கம், நேரத்துக்கு உணவு, மது தவிர்த்தல், தவறாத மாத்திரை. இதைத் தனிமனிதக் கட்டுப்பாடாக மட்டும் பேசுவது வழக்கம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரப் பகுதிகளை முன்வைத்து நோக்கினால், இவ்வெளிமைக்குப் பின்னால் நிற்கவேண்டிய பொதுக் கட்டமைப்பும் புலப்படும்.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மிகையெழுச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் அளித்து அதன் பயனைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில், சமையலுப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடை உட்கொண்ட இதய நோயாளிகள் சிலர் இறந்தனர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே முறையில் கையாள்கிறது. வியர்வையாலோ, வயிற்றுப்போக்காலோ, உப்பைக் குறைப்பதாலோ உடலில் சோடியம் குறைந்தால் லித்தியம் தேங்கி நஞ்சாகும். ஆகவே இம்மருந்துடன் போதிய நீர், மாறாத உப்பளவு, முறையான இரத்தப் பரிசோதனை ஆகியவையும் வேண்டும். பின்னாளில் பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் குழுவினர் உருவாக்கிய சிகிச்சை, எழும் நேரம், முதலில் ஒருவரைச் சந்திக்கும் நேரம், வேலை தொடங்கும் நேரம், இரவுணவு, உறங்கும் நேரம் ஆகியவற்றை நிலைப்படுத்த முயன்றது. அது மருந்துக்குத் துணையாக வந்தது, மாற்றாக அன்று.

இப்பகுதிகளின் மனநல வரலாறு தொலைவின் வரலாறு. சென்னை மாகாணத்தின் மலபாரில் இருந்த பாலக்காட்டுக்கு 1872இல் நிறுவப்பட்ட கோழிக்கோட்டு மனநலக் காப்பகமும், திருவிதாங்கூரில் இருந்த இடுக்கி மலைகளுக்குத் திருவனந்தபுரக் காப்பகமும் இருந்தன. இன்றும் கேரள அரசின் மூன்று மனநல மையங்கள் அவ்விரு நகரங்களிலும் திருச்சூரிலுமே உள்ளன.

இத்தொலைவைக் குறைக்கவே 1982இல் தேசிய மனநலத் திட்டமும் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்ததோடு, ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மனநலச் சேவை கிடைப்பதை உரிமையாக்கியது.

இவ்வுரிமையின் எடையை மூணாறின் தேயிலைத் தோட்டங்களிலும் சித்தூரின் வயல்களிலும் உணரலாம். லயத்தின் சிறு அறையில் பலரோடு உறங்குபவருக்கு எளிய வாழ்வு புதிதன்று. அமைதியான இரவே அரிது. உறக்கமிழப்பு மிகையெழுச்சியைத் தூண்டக்கூடியது. வெயிலில் நாள் முழுதும் வியர்க்கும் உழவுத் தொழிலாளி லித்தியம் உட்கொண்டால், தண்ணீரும் உப்பும் மருந்தின் பகுதியாகின்றன. இரத்தம் பரிசோதிக்க ஒருநாள் கூலியை இழக்க நேர்ந்தால் அப்பரிசோதனையே தள்ளிப்போகும்.

எனவே இந்நோயில் திட்டமிட்ட எளிய வாழ்வு என்பது தேவைகளைக் குறைப்பது மட்டுமன்று. உறங்க ஓர் அறை, அருகில் ஒரு மருத்துவர், தடையின்றிக் கிடைக்கும் மாத்திரை ஆகிய சில தேவைகளை எக்காலத்திலும் குறையாமல் காப்பதும் அதுவே. நோயாளியிடம் ஒழுங்கைக் கோரும் சமூகம், முதலில் இவற்றை அவருக்கு உறுதிசெய்ய வேண்டும்.